படுத்திருந்தால் போதும்

பிணத்துக்கு மூக்கு அரிக்கக் கூடாது. அரித்தாலும் அது வேறு யாருடைய மூக்கோ என்று விட்டுவிட வேண்டும்; கொஞ்ச நேரத்தில் அரிப்பு காதுக்குப் போகும், காதிலிருந்து கழுத்துக்கு, பிறகு அலுத்துப்போய் எங்காவது இறங்கிப் போய்விடும். வெள்ளைத் துணிக்குள் மல்லாந்து கிடந்த பவுன்ராசு இதை ஐம்பத்து மூன்று மேடைகளில் பழகியிருந்தான். இது ஐம்பத்து நாலாவது. நகராட்சிக் கல்யாண மண்டபம், காலை பதினொன்றரை மணி, துணியைத் தாண்டி மஞ்சளாக இறங்குகிற விளக்குச் சூடு, முதுகுக்குக் கீழே மேடைப் பலகையில் யாரோ அடித்துவிட்டு மறந்துபோன ஆணி. தலைமாட்டில் வருண் அழுதுகொண்டிருந்தான். வருண் நாடகத்தில் மகன், பவுன்ராசு செத்துப்போன அப்பன். நரிக்குறவன் ஒருத்தன் செத்துப்போகிறான், அவனைப் புதைக்க எந்த ஊரும் இடம் தரவில்லை, மகன் பிணத்தோடு ஊர் ஊராக அலைகிறான், அவ்வளவுதான் நாடகம். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் பிணம் நடுமேடையில். மூச்சை வயிற்றில் விடாமல் விலாப்பக்கம் விட்டால் துணி அசையாது. இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகக் கண்டுபிடித்தது, ரயில்வே ஸ்டேஷன் வாசல் வண்டி ஸ்டாண்டில் ராக்காவல் உட்கார்ந்து, வடை மடித்த பேப்பரைப் பிரித்துப் பிரித்து அவனாகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட மாதிரி. ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு வந்து பகலில் பிணமாகப் படுப்பதில் ஒரே ஒரு ஆபத்துதான் உண்டு. ஒருமுறை கும்பகோணத்தில் குறட்டை விட்டுவிட்டான். அழுதுகொண்டிருந்த சனம் மொத்தமும் சிரித்தது. நாடகத்தை நடத்துகிற ஞானசேகர் அன்றைக்கு ஒன்றும் திட்டவில்லை, திட்டியிருக்கலாம், தோளில் கைவைத்து, "பரவால்ல தோழர், உழைக்கிற உடம்பு" என்றார். அந்தக் கையை உதற முடியவில்லை. திட்டுகிற ஆளாக இருந்தால் எல்லாமே எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"சாமியோவ், எங்கப்பன் செத்துட்டான் சாமியோவ்" என்று வருண் கத்துகிறான். இப்போது இடது பக்கம் மூன்று அடி எடுத்து வைப்பான், மண்டி போடுவான், பலகை தொம்மென்று அதிரும், ஆணி குத்தும். அதிர்ந்தது, குத்தியது. நல்ல பையன் வருண், எஞ்சினியரிங் படித்தவன், அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவான், நாடகம் முடிந்ததும் முதலில் வந்து துணியை விலக்கித் தண்ணீர் கொடுப்பான். ஆனால் இந்த சாமியோவ். வீட்டுக்குள் அப்பனை வைத்துக்கொண்டு அழுகிறவன் யாரைச் சாமி என்று கூப்பிடுவான்? அந்த வார்த்தை பஸ் ஸ்டாண்டுக்கு, ஊசிமணி விற்கிற இடத்துக்கு, போலீஸ்காரனுக்கு. செருப்பைப் போலத்தான், வாசலோடு கழற்றிவிட்டு உள்ளே வருவது. சொல்லித்தான் பார்த்தான். "பார்க்கறவங்களுக்கு ஒரு அடையாளம் வேணும் தோழர்" என்றார் ஞானசேகர். வருண் இப்போது வாங்குகிற கைத்தட்டல் அத்தனையும் முதல் காட்சியில், திருச்சியில், பவுன்ராசுவினுடையது. அப்போது அவன்தான் மகன். அப்பன் கோட்டையன் செத்து அப்போது ஒன்பது மாதம். பெரியாஸ்பத்திரியிலிருந்து மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, அண்ணன் சிலோன் மிதிக்க இவன் தள்ள, கீழ்ப்புத்தேரியில் தடுத்தார்கள், அடுத்த ஊரில் தடுத்தார்கள், ஏரிப் பொறம்போக்கில் குழியே வெட்டிவிட்டார்கள், பாதிக் குழியில் வந்து மண்வெட்டியைப் பிடுங்கினார்கள், கடைசியில் மறுநாள் உச்சி வெயிலில் வாய்க்கால் கரையில், தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறுகிற இடத்தில், அப்பனைப் புதைத்தார்களா நனைத்தார்களா என்று தெரியாமல் மண்ணைத் தள்ளினார்கள். அதை அப்படியே மேடையில் நின்று சொன்னான். யாரும் எழுதிக் கொடுக்காத வசனம். வாய்க்கால் தண்ணீர் மூக்கில் ஏறுகிறதே என்று அப்பனுடைய முகத்தைத் தன் கையால் பொத்தியதைச் சொன்னபோது திருச்சியில் முன்வரிசையில் ஒரு அம்மா தன் முகத்தைப் பொத்திக்கொண்டது. சொன்னால் கேட்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அது தெரிந்தது, சொன்னால் கேட்கிறார்கள்.

அப்புறம் வசனம் தேய்ந்தது. ஒரே நாளில் பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பான். விழாவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஏரிக்கரை போயிற்று. "உங்க குரல் பின்வரிசைக்கு எட்டல தோழர்" என்று ஆஸ்பத்திரி போயிற்று. சாயங்கால ஒத்திகைக்கு வர முடிகிறதா உங்களால், ஏழு மணிக்கு ஸ்டாண்டில் காவலுக்குப் போக வேண்டும்தானே, என்று வாய்க்காலும் வருணுக்குப் போயிற்று. ஒருநாள் ஞானசேகர் கண்கள் பளபளக்கச் சொன்னார்: "யோசிச்சுப் பார்த்தேன். இந்த நாடகத்தோட மையமே பொணம்தான். அதுல நிஜமான ஆள் இருக்கணும். நீங்க ஒண்ணும் பேச வேணாம், உங்க உடம்பே பேசும். நீங்க படுத்திருந்தா போதும்." அதைக் கேட்டபோது பெருமையாகக்கூட இருந்தது, அதுதான் கேவலம், பெருமையாக இருந்தது. இன்னொரு நாள் கம்ப்யூட்டரைத் திறந்து ஏதோ தேசத்து மேடையைக் காட்டினார். "ஐரோப்பாவுல ரோமான்னு ஒரு சனம் தோழர். உங்கள மாதிரியே ஊர் ஊரா விரட்டுனவங்க. இப்ப பாருங்க, அவங்க கதைய அவங்களே நடிக்கிறாங்க." பாவாடை கட்டி, வேட்டைக்காரன் மாதிரி தொப்பி வைத்துக்கொண்டு ஒரு கிழவி மேடை நடுவில் நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். பாஷை புரியவில்லை, ஏச்சு புரிந்தது. பவுன்ராசு கேட்டான்: "அதுல பொணமா நடிக்கறது யாரு தோழர்?" ஞானசேகர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவன் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

இன்றைக்கு முன்வரிசையில் அவனுடைய சனம் இருக்கிறது. அதனால்தான் மூக்கு இப்படி அரிக்கிறதோ என்னமோ. வேன் வைத்து காலனியிலிருந்து பதினொரு பேரை அழைத்து வந்திருந்தார்கள். துணிக்குள்ளேயே ஒவ்வொருவரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது, இருமல் வலக்கோடி மாமன், வளையல் சத்தம் வைஜந்தி, பொண்டாட்டியின் வளையலை இத்தனை வருஷத்தில் எத்தனை கூட்டத்துக்குள்ளும் கேட்டு எடுக்கலாம். அவளுக்கு அடுத்து சிலோன். மேக்கப் போடுகிற ரூமுக்குள் தலையை நீட்டி, "என்னடா, இன்னிக்கும் பொணந்தானா? உசுரோட ஒரு வேசமும் இல்லியா உனக்கு?" என்று கேட்டது அவன்தான். வைஜந்தி பின்னாலிருந்து, "கொறட்டை கிறட்டை விட்டுத் தொலைக்காத, ஆத்தாவ விட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள். அவளுடைய ஆத்தா படுத்த படுக்கை, பத்து நாளோ பதினைந்து நாளோ. அடுத்த பிணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் காலனியில் எல்லோரும் வாய்க்கால் கரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே இப்போது வேலி போட்டாயிற்று. அதற்காகத்தான் இந்தக் காட்சியே. சப்-கலெக்டர் அம்மா வந்திருக்கிறார், நாடகம் முடிந்ததும் மேடையிலேயே இடுகாட்டு நிலத்துக்கு உத்தரவு கொடுக்கிறார், அரை ஏக்கர். ஞானசேகர் ஆறு மாதம் நடையாய் நடந்து கொண்டுவந்தது, அதில் பொய்யில்லை, அவருடைய செருப்பைப் பார்த்தால் தெரியும். "ஆனா நாடகம் சரியாப் போகணும் தோழர். அந்தம்மா இன்னும் கையெழுத்துப் போடல. பார்த்துட்டுப் போடறேன்னுருக்காங்க." சிலோன் மட்டும் உதட்டைப் பிதுக்கினான். "கேப்பாங்க, அழுவாங்க, மூக்கச் சிந்திட்டு வூட்டுக்குப் போவாங்க. காயிதம் குடுத்தா வாங்கிக்கிறேன்."

இப்போது ஊர்க்காரர்களாக நடிப்பவர்கள் வந்து தடுக்க வேண்டும். கம்புகள் தரையில் தட்டின. "எந்த நாட்டுலேருந்து வந்தீங்க? உங்களுக்குச் சாமி உண்டா, குலம் உண்டா?" இது வழக்கமான வசனம். இதற்கு மகன் பதில் சொல்லாமல் பிணத்தின் கால்மாட்டில் விழ வேண்டும், விளக்கு நீலமாக வேண்டும். பவுன்ராசு கால் பெருவிரலை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். விழவில்லை. வருணின் கால்கள் மேடை ஓரத்துக்குப் போயின, ஐந்து, ஆறு, ஏழு அடி, அவ்வளவு தூரம் அவன் இந்த இடத்தில் போனதே கிடையாது. திரும்பி வந்தன, கனமாக. எதையோ சுமந்து வருகிற நடை. பவுன்ராசுவின் வலது விலாவுக்குப் பக்கத்தில் மெத்தென்று ஏதோ ஒன்று பலகையில் இறங்கியது. புதுத்துணி வாசனை. கயிற்று வாசனை. "உண்டு சாமி. எங்களுக்கும் சாமி உண்டு" என்றான் வருண், இதுவரை கேட்டேயிராத குரலில், தணிவாக. "எங்க பாட்டன், பூட்டன் தோள்ல சுமந்த சாமி மூட்டை இது. இத வெளியாளுக்குத் தெறக்க மாட்டோம். இன்னிக்குத் தெறக்கறேன். பாருங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க, நாங்க மனுசங்களா இல்லையான்னு." இல்லை. இது வேறு ஏதோ மூட்டை. நாடகத்துக்குச் செய்த மூட்டை, உள்ளே பழைய பேப்பரைத் திணித்திருப்பார்கள், இவர்களுக்கு என்ன தெரியும், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இவர்களுக்கு எல்லாம் தெரியும். வளையல் சத்தம் நின்றுவிட்டது.

நிஜமான சாமி மூட்டை சிலோன் வீட்டில் இருக்கிறது. மூத்தவனுக்குத்தான் போகும். குலசாமிக்குப் பூசை போடுகிற அன்று மட்டும், குளித்து, ஈரத்துணியோடு, மூட்டைக்கு உரியவன் பிரிப்பான். பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பங்காளிகளே நாலடி தள்ளி நிற்பார்கள். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தக் குடும்பத்தில் மூன்றே பேர். அப்பன், சிலோன், அப்பனுக்குக் கை நடுங்க ஆரம்பித்த வருஷம் முடிச்சைப் பிடிக்கக் கூப்பிடப்பட்ட பவுன்ராசு. அன்றைக்கு அவன் பார்த்தது, வேண்டாம். நினைக்கக்கூட வேண்டாம். நினைவு அந்த இடத்துக்கு வந்ததும் ஈரத்தில் வழுக்கின மாதிரி வேறு பக்கம் போய்விடும், அப்படித்தான் அதைப் பழக்கியிருந்தான், முடிச்சு ஞாபகம் வரும், அப்பனின் நகம் ஞாபகம் வரும், அதற்குமேல் இருட்டு. பிறகு ஞானசேகரிடம் எப்படிச் சொன்னாய்? ஒரு பேப்பர் கப்புக்குச் சொன்னான். விடியற்காலை, காவல் முடிந்து ஸ்டேஷன் எதிர் டீக்கடையில் நின்றபோது மெட்ராஸ் ரயிலிலிருந்து ஞானசேகர் இறங்கி வந்தார். கடைக்காரர் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் கொடுத்து பவுன்ராசுவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் ஊற்றினார், அது எப்போதும் நடப்பது, அவனே கவனிப்பதில்லை. ஞானசேகர் தன் கிளாஸை அப்படியே மேசையில் வைத்தார். "எனக்கும் பேப்பர் கப்புல குடுங்க." அவ்வளவுதான். அதைக் குடித்து முடிப்பதற்குள் நெஞ்சுக்குள் ஏதோ கதவு திறந்துகொண்டுவிட்டது. சண்டை போட்டுக் கண்ணாடி கிளாஸ் வாங்கிக் கொடுத்திருந்தால்கூட இப்படி ஆகியிருக்காது. அவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "மூட்டையப் பத்தி ஆளாளுக்கு எழுதறான் தோழர். ஒருத்தன் எலும்புங்கறான், ஒருத்தன் நரிப்பல்லுங்கறான். நாம தப்பா ஒண்ணும் சொல்லிடக் கூடாதுல்ல, அதுக்காகத்தான்." "மேடைக்கு வராதே?" "சேச்சே. எனக்குத் தெரிஞ்சா போதும்." தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. அதற்காகச் சொன்னான். எத்தனை, என்ன நிறம், எது எதன்மேல் சுற்றியது, முடிச்சு எந்தக் கைப்பக்கம். ஞானசேகர் குறிப்பு எழுதவில்லை. எழுதாததை மரியாதை என்று நினைத்தான். அவருக்கு ஞாபகசக்தி அதிகம்.

வருணின் விரல்கள் கயிற்றில் ஏறின. கேட்டது. சணல் கயிறு இல்லை, பருத்தி, கையால் முறுக்கியது, சொன்னபடியே செய்திருக்கிறார்கள். முடிச்சு வலதுகைப் பக்கம் இழுபட்டது. ஐயோ, அதையும். எழுந்து உட்கார்ந்துவிட்டால் என்ன? பிணம் எழுந்து உட்கார்ந்தால் சனம் சிரிக்கும், கும்பகோணம் மாதிரி சிரிக்கும், அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும், அரை ஏக்கர் போய்விடும், பத்து நாளில் மாமியாரை மூன்று சக்கர வண்டியில் வைத்து மறுபடியும். எழாவிட்டால்? சிலோன் பார்ப்பான். பார்த்த கணமே தெரிந்துவிடும் அவனுக்கு, விசாரிக்க ஒன்றுமில்லை, மூன்று பேரில் ஒருத்தன் செத்தாயிற்று, ஒருத்தன் அவனே. தவறாகச் செய்திருந்தால், ஒரே ஒரு நிறம் தப்பாக இருந்தால், வெளியூர்க்காரன் உளறுகிறான் என்று காறித் துப்பிவிட்டுச் சிலோன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். கடவுளே, ஏதாவது ஒன்றைத் தப்பாகச் செய்திருக்கட்டும். ஆனால் ஞானசேகர் தப்பாகச் செய்கிற ஆள் இல்லை. அவர் நல்லவர். பொய்யான கண்ணீர் அவர் நாடகத்தில் கிடையாது, பொய்யான பானை கிடையாது, ஒரு மண்பானைக்காக அறுபது மைல் போனவர். இந்த மூட்டைக்கு எவ்வளவு அலைந்திருப்பார், எவ்வளவு அன்போடு சாயம் தோய்த்து, மடித்து. அவர் துரோகம் செய்கிறோம் என்று தெரிந்து செய்திருந்தால் கழுத்தைப் பிடிக்கலாம். இப்போது பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருப்பார், இந்த இடத்தில் நிச்சயம் அழுவார். முதல் சுற்று கழன்றது. இரண்டாவது சுற்று. அப்பனின் நகம். ஈரம். துணியோடு துணி உரசுகிற சத்தம், பிரிகிற சத்தம்.

முன்வரிசையில் ஒரு பொம்பளை, "ஆத்தாடி" என்றாள். வைஜந்தி.

அவன் எழுந்துவிட்டான். எழுவதென்று தீர்மானித்ததாக ஞாபகம் இல்லை, முகத்தில் விளக்கு அடித்தது, கண் கூசியது, கூசின கண்ணுக்கு எதிரே, பலகையில், திறந்து. எல்லாம் சரியாக இருந்தது. அத்தனையும், அதனதன் நிறத்தில், அதனதன் இடத்தில், அப்பன் பிரித்து வைத்த மாதிரி. வருண் வாய் பிளந்து, "அண்ணே" என்று முணுமுணுத்தான், உடனே சுதாரித்துக்கொண்டு, "அப்பா!" என்று கத்தினான். மண்டபம் மொத்தமும் மூச்சை இழுத்தது. பிணமாகப் படுத்த ஐம்பத்து நாலு மேடையில் பவுன்ராசுவுக்கு வாய் திறக்கக் கிடைத்த ஒரே ஒரு இடம், அதில் வசனம் இல்லை. போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை உருவி மூட்டைமேல் எறிந்தான், துணி மெல்லிசு, நிறம் தெரிந்தது, விளக்கு அதன் வழியே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. அதன்மேல் குப்புற விழுந்தான். வெறும் கோவணத்தோடு, நெஞ்சும் வயிறும் கையும் போட்டு, எவ்வளவு மறைக்க முடியுமோ அவ்வளவும்.

பிறகு கைத்தட்டல் பின்வரிசையிலிருந்து புறப்பட்டு, மழை தகரக் கூரைக்கு வருகிற மாதிரி வந்து சேர்ந்தது. நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. எழுந்து நின்று தட்டுகிறார்கள். அந்த இரைச்சலுக்கு அடியில், நிதானமாக, யாரையும் ஏசாமல், சிலோனின் குரல் கேட்டது. தம்பியைப் பார்த்துப் பேசவில்லை. "எந்திரிங்க. நம்ம ஆளு இங்க யாரும் இல்ல." மாமனின் இருமல் நகர்ந்தது. வளையல் சத்தம் தயங்கியது, வைஜந்தி, வைஜந்தி, தயங்கியது, பிறகு கதவுப் பக்கம் போயிற்று. "அப்படியே இருங்க தோழர்," பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஞானசேகரின் கிசுகிசுப்பு, அழுகையில் கரகரத்து, "அப்படியே. என்ன ஒரு முடிவு. இதையே வச்சுக்கலாம்." பவுன்ராசு முகத்தைப் பலகையில் அழுத்திக்கொண்டான். வயிற்றுக்கு அடியில் புதுத்துணி மொடமொடத்தது. எழுந்தால் மூட்டை தெரிந்துவிடும். இவர்கள் போக வேண்டும், முதலில் இவர்கள் எல்லோரும் போக வேண்டும். யாரும் போகவில்லை. யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள். சப்-கலெக்டர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார், இந்த அரை ஏக்கர் தன் வாழ்நாளில் மறக்க முடியாதது என்றார், மறுபடியும் கைதட்டினார்கள். "உத்தரவ வாங்கிக்க காலனி சார்பா யாராவது ஒருத்தர் மேடைக்கு வாங்க" என்றார். காலியான முன்வரிசையை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். "யாராவது ஒருத்தர்" என்றார் மறுபடியும். "யாரும் வரலியா?"